மீட்டரில் தெரியாத இரைச்சல்

பாய் ஜும்மாவுக்குப் போயிருக்கிறார், இரண்டு மணிக்கு மேல்தான் வருவார் என்று எடைமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சொன்னபோது மணி பன்னிரண்டே முக்கால். இன்று வெள்ளிக்கிழமை என்பது மாசிலாமணிக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. மறந்ததற்காக முதலில் தன்மேல் ஒரு கோபம் வந்தது, பிறகு நினைவுபடுத்தாத மனைவி ஸ்டெல்லாமேல், பிறகு ஐந்தே காலுக்கு எடுக்கவேண்டிய பஸ்ஸை ஆறு மணிக்கு எடுத்த டிரைவர்மேல், கடைசியில் யார்மேல் போவது என்று தெரியாமல் அந்தக் கோபம் உக்கடத்து வெயிலில் அப்படியே நின்றது. கிடங்கு முழுக்க இரும்பு, தகரம், உரித்த மோட்டார்கள், பல் போன கியர்கள். எங்கோ வயரைக் கொளுத்திய நாற்றம் காற்றிலேயே தங்கியிருந்தது. பின்சுவரை ஒட்டி, பழைய குளிர்சாதனப் பெட்டிகளுக்கு அடியில், அவர் தேடி வந்தது கிடந்தது. கழற்றிப்போட்ட செல்போன் கோபுரங்களிலிருந்து வந்த கேபிள், கரும்புத் தடிமனில், கறுப்பாக, பெரிய பெரிய வளையங்களாக. பத்தடி தூரம். தொடக்கூடாது. தம்பி இல்லாமல் எதையும் எடுக்கவேண்டாமுங்க, போன வாரம்தான் ஒருத்தர் செம்பை உருவிட்டுப் போயிட்டாரு என்று அந்த அம்மாள், பாயின் அக்கா மைமூன் என்று பிறகு தெரிந்தது, மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைகூடப் பொறுக்கவில்லை. சுமை தூக்கக் கூட வந்த சடையன் சாக்குக் குவியலைப் பார்த்தான், வெயிலைப் பார்த்தான், நிழலிருந்த பக்கமாகச் சாக்கை இழுத்துப் போட்டான், படுத்தான், தூங்கிவிட்டான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எப்படி முடிகிறது இவனால். தன்னோடு ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்துவிட்டு, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இப்படிக் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்க ஒரு மனுஷனால் எப்படி முடிகிறது.

கேட்டுவிட்டால் நிம்மதி. அவன் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாது, ஆனாலும் கேட்டுவிட்டால் நிம்மதி. மாசிலாமணி ஒரு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எல்லாமே ஒரு பக்கம்தான் சாய்கிறது. காலையில் போன கடையும் அப்படித்தான். குளிரூட்டிய கடை, கண்ணாடிக் கதவு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பையன், வயது இருபத்தைந்துகூட இருக்காது, என்ன வேணும் என்று கேட்டுவிட்டுப் பதில் முடிவதற்குள் ரோலை எடுத்து மேஜையில் வைத்துவிட்டான். மலையில் போட்டிருக்கிற அதே கேபிள். அதே கறுப்பு, அதே வெள்ளை எழுத்து. சார், ரிப்பீட்டருக்கெல்லாம் எல்லாரும் இதான் சார் வாங்குறாங்க, லாஸ் ரொம்பக் கம்மி, விலையும் கம்மி, டாக்சிக் கம்பெனிக்காரங்க போன மாசம்கூட நாலு ரோல் எடுத்தாங்க. தம்பி, இதை வெட்டிப் பார்த்திருக்கியா என்று அவர் கேட்டார். எதுக்கு சார் வெட்டணும் என்றான் அவன். எதற்கு வெட்ட வேண்டும். வெட்டிப் பார்த்தால் தெரியும், உள்ளே இரண்டு உறை. முதலில் ஒரு அலுமினியத் தாள், அதன்மேல் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பிப் பின்னல். இரண்டும் ஒட்டாது. பக்கத்தில் பக்கத்தில் கிடந்து உரசிக்கொண்டே இருக்கும். காற்றில் கேபிள் ஆடினால் இன்னும் உரசும், ஈரம் இறங்கினால் இரண்டு உலோகத்துக்கும் நடுவில் பூஞ்சை மாதிரி ஒன்று பூக்கும். கையில் வைத்துப் பேசுகிற சாதாரண வயர்லெஸ் செட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அது பேசும்போது கேட்காது, கேட்கும்போது பேசாது. ரிப்பீட்டர் அப்படியா? பள்ளத்திலிருந்து வருகிற மெல்லிசுக் குரலைக் கேட்டு அதே நொடியில் அதைப் பெருங்குரலில் மலை முழுக்கச் சொல்லவேண்டும், கேட்பதும் சொல்வதும் ஒரே கேபிளில். ஒரே குழாயில் ஒரு பக்கம் மூச்சு விட்டுக்கொண்டே இன்னொரு பக்கம் கிசுகிசுப்பைக் கேட்கிற காரியம். அந்தக் குழாய்க்குள் ஒரு தூசி உரசினால் போதும், கிசுகிசுப்புப் போய்விடும். இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொல்ல வாயெடுத்தவர், அவன் போனில் விரல் ஓடுவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டார். பட்டாளத்தில் சிக்னல்ஸில் பதினைந்து வருஷம் இருந்தவர். பனியில் விரல் மரத்துப்போன நாளில்கூட முனையைக் கடித்துப் பார்த்துக் கேபிளை வாங்கியவர். அங்கே சொன்னதைக் கேட்டார்கள். இங்கே, வயர்லெஸ் பார்க்கிற இந்தச் சங்கத்து வேலையில், மூன்று கொட்டேஷன் வாங்கு, எது குறைவோ அதை வாங்கு, முடிந்தது.

முடிந்தது. அமலோற்பவம் முடிந்தாள். ஆனி மாதம் இரண்டாவது திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். அந்த நேரத்தை அவர் மறக்கவே முடியாது, ஆபரேட்டரின் நோட்டில் அந்த வரியைக் குறைந்தது இருபது தடவை படித்திருக்கிறார். சோலைமட்டத்து மலைத்தோட்டங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கிற சங்கம் அது, யானை எங்கே நிற்கிறது என்று காவலர்கள் செட்டில் சொல்வார்கள், கண்ணாடிப்பாறை உச்சியிலிருக்கும் ரிப்பீட்டர் அதைத் தூக்கி ஆபீசுக்குக் கொடுக்கும், ஆபீசிலிருந்து எல்லா எஸ்டேட்டுக்கும் செய்தி போகும். ஆற்றுக்கு இரண்டு பாலம். மேல் பாலம், கீழ்ப் பாலம். சடையன் அப்போது காவலர். பள்ளத்தில் நின்றுகொண்டு, தாயும் குட்டியும் சேர்த்து நாலு உருப்படி கீழ்ப் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, யாரையும் விடாதீங்க என்று சொன்னான். ஆபீசில் விழுந்தது நாலு உருப்படி, கரகர, பாலத்துக்குப் பக்கத்தில். ஆபரேட்டர் திரும்பக் கேட்டாள். அவன் திரும்பச் சொன்னான். கரகர, பாலம். மூன்றாவது தடவை அவன் கத்தியே சொன்னான், கத்தினால் கரகரப்பும் சேர்ந்து கத்தும், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், மேல் பாலம் என்று விழுந்த மாதிரி இருந்தது, மேல் பாலம் என்று எழுதினாள், மேல் பாலத்தை மூடச் சொன்னார்கள். காலையில் ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு ஒன்பதாம் நம்பர் காட்டுக்குக் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் எல்லாரும் மேல் பாலத்தை விட்டுவிட்டுக் கீழ்ப் பாலத்து வழியாகத் திருப்பி விடப்பட்டார்கள். முன்னால் போய் யானையிடம் சிக்கியவள் அமலோற்பவம். வேகமாக நடப்பாள். அவரோடு ஒரே ஜெபக்கூட்டத்தில் பாடுகிறவள், கொஞ்சம் சுருதி தப்பிப் பாடுவாள், ஸ்டெல்லா அதைச் சொல்லிச் சிரிப்பாள். வேகமாக நடக்காமல் இருந்திருந்தால். பனிமஞ்சு அவ்வளவு இறங்காமல் இருந்திருந்தால். இப்படி யோசிக்கும்போதெல்லாம் அவருக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் மஞ்சுக்கும் நடைக்கும் இதில் ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தை. கீழ். ஒரே ஒரு எழுத்தும் ஒரு மெய்யும். அதைத் தூக்கிக் கொடுக்க வக்கில்லாத ஒரு கேபிள்.

வெயில் நகர்ந்து அவருடைய செருப்பைத் தொட்டது. மைமூன் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், தூங்குறவருக்கும் எழுந்திருச்சா குடுங்க என்றார். குடுங்க. எதைக் கொடுப்பது. விசாரணை என்று ஒன்று நடந்தது. சங்கத்தின் செயலாளர் பெல்லியப்பா தலைமையில், தேநீரும் முந்திரி பிஸ்கட்டும் வைத்து, மூன்று மேலாளர்கள். ஆபரேட்டர் அழுதாள். காவலர் குடித்திருந்தார், நாக்குக் குழறியது, அதனால் செய்தி தெளிவாக விழவில்லை என்று ஒரு மேலாளர் சொன்னார். பார்த்தவர் யாரும் இல்லை. பழங்குடிப் பதிக்காரன் என்றால் குடித்திருப்பான், அதைப் பார்க்க வேறு வேண்டுமா. சடையன் நான் குடிக்கலீங்க என்று ஒரு தடவைதான் சொன்னான், அதுவும் மெதுவாக. மெதுவாகச் சொன்னதே அவனுக்கு எதிராகப் போனது. கருவிகளைச் சோதித்து அறிக்கை கொடுக்கச் சொல்லி மாசிலாமணிக்கு உத்தரவு. அவர் மறுநாளே பாறைக்கு ஏறினார். மழை விட்டிருந்தது, காற்றே இல்லை, அது ஒரு துரதிர்ஷ்டம். மீட்டரை மாட்டினார். போகிற சக்தி சரியாக இருந்தது. திரும்பி வருகிற சக்தி ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்கு. ஆண்டெனா சரி, கேபிள் சரி, டப்பா சரி. கருவிகள் யாவும் நல்ல நிலையில் உள்ளன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மீட்டர் காட்டியதை எழுதினார். அந்தத் தாளை மேஜையில் வைத்துத்தான் சடையனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மிஷின் சரி என்றால் மனுஷன்தான் தப்பு, அவ்வளவுதானே கணக்கு. ஆனால் அந்தக் கேபிள் எப்படிப்பட்டது என்று அவருக்கு அன்றைக்கே தெரியாதா. கேபிள் வாங்கும்போதே செம்புக் குழாய் வைத்த நல்ல கேபிள் கேட்டு இரண்டு தடவை எழுதினவர்தானே அவர். சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா. காற்று அடிக்கிற நாளில் இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தால் என்ன, தலையையா எடுத்திருப்பார்கள். சொல்லவில்லை. மீட்டர் நன்றாகக் காட்டியது. நன்றாகக் காட்டியது என்பதில் ஒரு சுகம் இருந்தது, அந்தச் சுகத்தை நினைத்தால் இப்போதும் அவருக்குத் தன் கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

ஆடிக் கடைசியில் தெரிந்துவிட்டது. பேட்டரி மாற்றப் போயிருந்தார். ஆடிக் காற்று பாறையையே பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது, கோபுரத்தில் கட்டியிருந்த கேபிள் சாட்டை மாதிரி இரும்பில் மோதிக்கொண்டிருந்தது. கையிலிருந்த செட்டில் பள்ளத்துக் காவலர் யாரோ பேசினார், கரகர என்றது. ரிப்பீட்டர் ஓய்ந்ததும் கரகரப்பும் ஓய்ந்தது. மறுபடி பேசினார், மறுபடி. அவர் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து அதன் கைப்பிடியால் கேபிளை ஒரு தட்டுத் தட்டினார். செட்டில் மடமடவென்று உடைந்தது. இன்னொரு தட்டு. இன்னொரு உடைசல். மீட்டரை மாட்டிப் பார்த்தார், ஊசி அசையவே இல்லை, பரமசாது போல நின்றது. மாசிலாமணி அந்தப் பாறையில் உட்கார்ந்து, காற்றில், யாரும் கேட்காத இடத்தில், ராணுவத்தில் கற்ற எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் உரக்கச் சொன்னார். இறங்கி நேராகச் செயலாளரிடம் போனார். பெல்லியப்பா பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கொடுமை, கெட்ட மனிதராக இருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். மாசிலாமணி, நீயே நல்லாயிருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்கே, மீட்டரும் நல்லாத்தான் காட்டுதுங்கிறே, பிறகு எதை வச்சு நான் கமிட்டியில பேசறது, சரி, அதே கேபிள்ல புது ரோல் ஒண்ணு வாங்கிப் போட்டுருவோம் என்றார். புது ரோல். புது ரோல் பத்து மாதம் பேசும். அடுத்த ஆனி வரைக்கும் பேசும். அடுத்த ஆனியில் வேறொருத்தி வேகமாக நடப்பாள். நல்ல கேபிள் புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது என்பது அவருக்கும் தெரியும், அதனால்தான் கழற்றிப்போட்ட கோபுரக் கேபிளை எடைக்கு வாங்கலாம் என்றார். வளைந்து வளைந்து போகிற ஒரே செம்புக் குழாய்தான் அதற்கு உறை. தாள் இல்லை, பின்னல் இல்லை, உரச ஒன்றும் இல்லை. பத்து வருஷம் கோபுரத்தில் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாதிருந்தால் புதுசுதான். பழைய இரும்புக் கடைச் சரக்கா என்று பெல்லியப்பா சிரித்தார். பில் கிடையாது, கேரண்டி கிடையாது, ஆடிட்டில் என்னைத் தொங்கவிட்டுருவாங்க மாசிலாமணி. அந்தச் சிரிப்புக்கு முன்னால் நின்றுகொண்டு அவர் கேட்டிருக்கவேண்டிய ஒரு கேள்வி இருந்தது. அப்போ சடையன்? அதைக் கேட்கவில்லை. கேபிளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார், சடையனைப் பற்றி அரை வார்த்தை பேசவில்லை. சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஏன் சொன்னோம், சரிங்க சார் என்று. குவார்ட்டர்ஸ் சங்கத்தினுடையது. ஓய்வுக்கு மூன்று வருஷம். ஸ்டெல்லாவுக்கு மூச்சிரைப்பு, மலையை விட்டு இறங்கினால் சரியாகும் என்கிறார் டாக்டர், இறங்கி எங்கே போவது. எழுதிக் கொடுத்ததை மாற்றி எழுதினால் முதலில் எழுதியவன் யார் என்று கேட்பார்கள். யார் என்றால் நான்தான். இப்படி ஒரு பக்கம் போய், திரும்பி, மறுபடி கேபிளுக்கே வந்து நிற்கும் எண்ணம். கேபிளை மாற்றிவிட்டால் போதும், ஒரு சத்தம் இல்லாமல், சொந்தக் காசில், பழையதைக் கழற்றிவிட்டு நல்லதை ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆவணி முழுவதும் புரட்டாசி முழுவதும் அவர் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று சாயங்காலம் சுமையாளுக்காக பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நாற்பத்தைந்து மீட்டர் கேபிள், இருபது கிலோவுக்கு மேல், மடக்க முடியாத வளையம், பஸ்ஸில் ஏற்றி இறக்கிப் பாறைக்கு இரண்டு மைல் தோளில் கொண்டுபோக வேண்டும். கோவைக்கு யார் வர்றீங்க, ஒருநாள் கூலி என்று கேட்டார். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தது சடையன். வேலை போனபிறகு இங்கேதான் மூட்டை தூக்குகிறான் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார், கேள்விப்பட்டதனால்தான் இந்த நாலு மாதமாக பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு சந்தை வழியாகப் போய்வந்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வா என்றும் சொல்லவில்லை. எத்தனை மணி பஸ் என்றுதான் அவன் கேட்டான். பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு விட்டுக்கொடுத்தான். பொள்ளாச்சியில் இறங்கி இரண்டு டீ வாங்கி வந்தான், அதில் ஒன்றை அவரிடம் நீட்டினான். அந்த டீயை அவர் குடித்தார். திட்டியிருந்தால், முறைத்திருந்தால், வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால், அவருடைய கோபத்துக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். ஒன்றும் இல்லாமல் இப்படி வழுவழுவென்று இருக்கிறவனை எந்தப் பக்கம் பிடிப்பது. சந்தையில் அமலோற்பவத்தின் மகள் இவனைப் பார்த்ததும் காறித் துப்பினாளாம். எங்கம்மாவைக் குடிச்சே கொன்னுட்டான் என்று நாலு பேர் கேட்கச் சொன்னாளாம். இவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூட்டையை எடுத்துக்கொண்டு போனானாம். ஸ்டெல்லா சொல்லித்தான் தெரியும். அதைச் சொன்ன அன்றைக்கு மாசிலாமணி, உப்பு கூடிப்போச்சு என்று சொல்லிச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

சடையன் எழுந்து உட்கார்ந்திருந்தான். எப்போது எழுந்தான் என்று தெரியவில்லை. தண்ணீரைத் தூக்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்து, பின்சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டே, பாறை மேல இருக்கிற பழைய கேபிளுக்கு என்ன சார் என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான், மழை வருமா என்று கேட்கிற மாதிரி. மாசிலாமணிக்கு எல்லாம் கோபமாகத்தான் வெளியே வந்தது. கேபிளுக்கு என்னவா, அது குப்பைக் கேபிள், அதை வாங்கினவன் குப்பை, அதைப் போட்டவன் குப்பை என்று ஆரம்பித்துத் தாளையும் பின்னலையும் உரசலையும் ஆடிக் காற்றையும் ஸ்க்ரூ டிரைவரையும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். சத்தம் ஏறியதில் மைமூன் எட்டிப் பார்த்தார். எல்லாம் முடிந்தபிறகு சடையன் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"அப்ப என் நாக்கு இல்ல."

"இல்லை."

"இது உங்களுக்கு ஆடி மாசமே தெரியும்."

"தெரியும். செயலாளர்கிட்ட அன்னைக்கே சொன்னேன்."

"என்கிட்டச் சொல்லலை."

ஐப்பசி பிறந்துவிட்டது என்று அவன் சொல்லவில்லை, எத்தனை மாதம் என்று விரல் விடவில்லை. மாசிலாமணிதான் விட்டார், உள்ளுக்குள், ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. இவனுக்கு என்ன திமிர் என்று ஒரு நொடி நினைத்தார். சொந்தக் காசைப் போட்டு, வேலைக்கு உலை வைத்துக்கொண்டு, இந்த நாற்றத்தில் வந்து உட்கார்ந்திருப்பது யாருக்காக என்று கேட்க நினைத்தார். யாருக்காக என்று தன்னிடமே கேட்டபோது பதில் வந்துவிட்டது, அது சடையன் இல்லை. கேபிள் மாறிவிட்டால் மாசிலாமணி பஸ் ஸ்டாண்டு வழியாக நடக்கலாம், அதற்காக. வெட்கத்தில் காது சுட்டது. அந்தச் சூட்டையும் முதலில் கோபம் என்றுதான் நினைத்தார். நாலு மாதமாக உள்ளே எது சுட்டாலும் அதற்கு அவர் அந்த ஒரு பெயரைத்தான் வைத்திருந்தார் போலிருக்கிறது.

"எழுதிக் குடுங்க சார்," என்றான் சடையன். "நான் தாசில்தார் ஆபீஸ், லேபர் ஆபீஸ் எல்லாம் போயிட்டேன். மிஷின் நல்லா இருக்குன்னு தாள் இருக்கு, நீ சொல்றதுக்குத் தாள் இருக்கான்னுதான் எல்லா இடத்துலயும் கேக்குறாங்க."

அப்போதுதான் ரவூப் பாய் வந்தார், தலையில் தொப்பியோடு, அத்தர் மணக்க, காக்க வச்சுட்டேன் மன்னிச்சுக்கங்க என்று இரண்டு கையையும் கூப்பினார். மாசிலாமணி எழுந்தார். அடுத்த முக்கால் மணி நேரம் கை அறிந்த வேலை. குளிர்சாதனப் பெட்டிகளை நகர்த்தி சடையனும் பாயும் வளையங்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார்கள். முதல் வளையத்தில் ஒரு இடம் நசுங்கியிருந்தது, வேண்டாம். இரண்டாவதன் முனையை ரம்பத்தால் இரண்டு விரல்கடை அறுத்தார், செம்பு பச்சை பூத்திருந்தது, உள்ளே வெள்ளை நுரையை அமுக்கினால் விரலில் ஈரம், அதுவும் வேண்டாம். மூன்றாவது ஐம்பது மீட்டருக்குக் குறையாது, கோபுரத்துக்காரர்கள் திருகிக் கழற்றச் சோம்பல்பட்டு இரண்டு முனையிலும் பித்தளை மூடிகளை அப்படியே விட்டிருந்தார்கள். அறுத்தார். செம்பு இப்போதுதான் உருக்கி ஊற்றிய மாதிரி சிவந்து மின்னியது. மறுமுனையையும் அறுத்தார், அதுவும். கைப்பிடியால் நடுவில் பலமாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார், காதில் கேட்கிற விஷயம் இல்லை அது என்று தெரிந்தும். நாளைக்கு உருக்கப் போறதுங்க, உங்க அதிர்ஷ்டம் என்றார் பாய், செம்பு எடைக்குத்தான் போட்டார். பேரம் பேசவில்லை. இவ்வளவு நல்ல சாமான் கையில் கிடைத்தும் மனசு ஆறவில்லை. இதைப் போட்டால் அடுத்த ஆனியில் கீழ் என்ற சொல் கீழ் என்றே போய்ச் சேரும். போன ஆனிக்கு இது என்ன செய்யும்.

மைமூனிடம் ஒரு தாள் கேட்டார். அவர் கணக்கு எழுதுகிற நீள நோட்டிலிருந்து நடுப்பக்கம் ஒன்றைப் பிசிறில்லாமல் கிழித்துக் கொடுத்தார். மாசிலாமணி எடைமேடையின் விளிம்பில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதினார். தேதி, பெயர், பதவி. ஆனி மாதம் தான் கொடுத்த அறிக்கை மீட்டர் சோதனையை மட்டும் வைத்து எழுதப்பட்டது, இந்த வகைக் கோளாறு மீட்டரில் தெரியாது, பின்னர் நேரில் சோதித்ததில் கேபிளிலிருந்து இரைச்சல் வருவது தெரிந்தது, சம்பவத்தன்று காவலர் சடையன் சொன்ன செய்தி தெளிவாக விழாமல்போனது அந்தக் கேபிளால் ஏற்பட்டிருக்கலாம். கையெழுத்துப் போட்டு நீட்டினார். எழுதிவிட்டோம் என்று ஒரு நிம்மதிகூட எங்கிருந்தோ எட்டிப் பார்த்தது. சடையன் வாங்கி, வெயில் விழுகிற பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரலை வைத்துப் படித்தான். உண்டு உறைவிடப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவன். நேரம் எடுத்தது. விரல் கடைசி வரிக்கு வந்து ஒரு இடத்தில் நின்றது, முன்னால் போய், திரும்பி, அதே இடத்துக்கு வந்தது.

"இந்த 'லாம்' எதுக்கு சார்?"

மாசிலாமணி பார்த்தார். ஏற்பட்டிருக்கலாம். அது எப்போது வந்து உட்கார்ந்தது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. இருபது வருஷ ஆபீஸ் கை, அதுவாக எழுதிக்கொண்டது. ஆபீசில் அப்படித்தான் எழுதுவது என்று சொல்ல வந்தார், நூறு சதவீதம் யாரால் சொல்ல முடியும் என்று சொல்ல வந்தார், நான் அன்றைக்கு அந்த நேரத்தில் பாறையில் இல்லையே என்று சொல்ல வந்தார். சடையன் கோபப்படவில்லை, தாளை அவர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் குடிச்சிருக்கலாம்னு யாரும் எழுதலை சார், குடிச்சிருந்தான்னுதான் எழுதுனாங்க என்றான்.

அவர் தாளை வாங்கினார். அந்தச் சொல்லின்மேல் ஒரு கோடு, இன்னொரு கோடு, பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு. மேலே ஏற்பட்டது என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டார். சடையன் மறுபடி அந்த ஒரு வரியை மட்டும் படித்தான். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டான். வளையத்தின் பக்கம் குனிந்தவன் தூக்காமல் நிமிர்ந்தான்.

"இன்னொண்ணு எழுதுங்க சார். அமலோற்பவம் அக்காவோட மகளுக்கு."

அதை நீயே கொண்டுபோய்க் கொடுக்கிறாயா என்று கேட்க வாயெடுத்தார். நீங்கதான் குடுக்கணும் என்று அவன் சொல்லிவிட்டான். மைமூன் கேட்காமலே இன்னொரு பக்கத்தைக் கிழித்து நீட்டினார். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. கேபிளை யாரைக் கேட்டு வாங்கினாய் என்று நாளைக்கு பெல்லியப்பா கேட்பார், இந்தத் தாளை யாரைக் கேட்டு எழுதினாய் என்று அதற்கு மறுநாள் கேட்பார், குவார்ட்டர்ஸின் சாவியைக்கூடக் கேட்கலாம், கேட்கட்டும். அந்தப் பெண்ணின் வாசலில் போய் நிற்பதுதான் முடியாத காரியமாக இருந்தது. அவள் துப்பினால் துடைத்துக்கொள்ளத் தன்னால் முடியுமா என்று அவருக்குத் தெரியவில்லை. மாசிலாமணி தேதியை எழுதினார், அதற்குக் கீழே அந்தப் பெண்ணின் பெயரை எழுதப் போனபோது அது தனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. சடையனிடம் கேட்டார். ரீத்தா என்றான் அவன்.